கொல்லையில் தென்னை நட்டவர்கள்

காவிரி டெல்டாவின் வீட்டுத் தோட்டங்களைப் பார்க்க விரும்புகிறவர் பங்குனியில் போக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் எல்லாமே பச்சை. வயல் எது, வரப்பு எது, வீட்டுக்குப் பின்னால் இருப்பது எது என்று கண்ணுக்குப் பிரிபடாது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கமான பாசனக் கணக்கு. மூடிய சில வாரங்களில் காவிரியும் அரசலாறும் மணலாகிவிடும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே வயலின் ஈரத்தில் தெளித்துவிட்ட உளுந்தும் பயறும், மிச்ச ஈரத்தையும் பனியையும் குடித்தே வளர்ந்து பங்குனியில் பறிப்புக்கு வந்திருக்கும். அதையும் பறித்தபின் வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கும்பகோணத்திலிருந்து கிழக்கே திருநாகேஸ்வரம், திருவிடைமருதூர், ஆடுதுறை என்று போகிற சாலையில் அந்த மாதத்தில் அடர்ந்த பச்சை தெரிவது இரண்டு இடங்களில்தான். ஒன்று ஆற்றோரப் படுகை. அங்கே வாழையும் அகத்தி மேல் ஏறிய வெற்றிலைக் கொடிக்காலும் இருக்கும். மற்றது வீடுகளின் கொல்லை.

ஆறு வற்றிய மாதத்திலும் கொல்லை எப்படிப் பச்சையாக நிற்கிறது என்ற கேள்வியோடுதான், பங்குனியில் ஒரு நாள் காலை, திருவிடைமருதூர்ப் பக்கம் நண்பர் ஒருவரின் பூர்வீக வீட்டுக்குப் போனேன். தண்ணீரைப் பற்றிய அந்தக் கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. அதன் பின்னால் இன்னொரு கேள்வி நின்றது: இங்கே ஒரு தென்னையை நட யாருக்கு உரிமை இருந்தது?

முதலில் வீட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். தெருப்பக்கம் அகலம் குறைவு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். திண்ணை, ரேழி, முற்றத்தோடு கூடிய கூடம், அடுத்த கட்டில் சமையல் உள், பிறகு கிணற்றடி, மாட்டுக் கொட்டில், அதற்கப்பால் கொல்லை என்று வீடு நீளவாக்கில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. கொல்லையின் கோடியில் ஒரு சந்து அல்லது வாய்க்கால். தெருவில் நிற்பவருக்கு இந்த வீட்டில் தோட்டம் இருப்பதற்கு ஓர் அடையாளமும் கிடையாது, ஓட்டுக்கு மேலே தலைநீட்டும் தென்னங்கீற்றுகளைத் தவிர.

டெல்டா தட்டையான நிலம். நஞ்சை வயல்களின் நடுவே, வெள்ளக் காலத்திலும் தண்ணீர் நிற்காதபடி சற்று உயர்ந்த திடலில்தான் ஊர் இருக்கும். வருவாய்க் கணக்கில் அது நத்தம். சுற்றிலும் நெல்லைத் தவிர வேறெதையும் விடாத ஈர நிலம் என்பதால், மாமரமும் நார்த்தையும் முருங்கையும் வேர் அழுகாமல் நிற்கக்கூடிய இடம் அந்த மேட்டில் மட்டுமே. மேடோ மிகச் சிறியது. ஒரு வீட்டுக்கு எவ்வளவு கொல்லை என்பது அந்த மேட்டில் எவ்வளவு பங்கு என்பதைப் பொறுத்தது.

நாங்கள் போனபோது வேம்பு பூத்துத் தரையெல்லாம் வெண்பொடியாக உதிர்ந்திருந்தது. சித்திரை முதல் நாள் பச்சடிக்கு அதை நிழலில் உலர்த்தி எடுத்து வைப்பார்கள். மாவில் வடு இறங்கியிருந்தது. முருங்கையில் இலையைவிடக் காய் அதிகம். மல்லிகை அப்போதுதான் மொக்குவிடத் தொடங்கியிருந்தது. அதன் காலம் சித்திரை, வைகாசி. செம்பருத்தி, நந்தியாவட்டை, இட்லிப்பூ ஆகிய மூன்றும் கிணற்றடிக்குப் பக்கத்தில், காலையில் குளித்துவிட்டுக் கைநீட்டிப் பூசைக்குப் பறிக்கிற தூரத்தில் இருந்தன. அழகுக்கென்று பாத்தி பிரித்து நட்ட செடி ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு செடியும் ஒரு காரணத்தோடு அந்த இடத்தில் நின்றது. காரணம் பெரும்பாலும் தண்ணீர்.

குளிக்கிற கல்லிலிருந்து ஓடுகிற நீர் சிறு கால்வாயாக வாழைக் கட்டைக்குப் போகிறது. பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து வருகிற தண்ணீரின் வழியில் சேம்பும் கல்வாழையும் அடர்ந்திருக்கின்றன. கஞ்சியும் பருக்கையும் கலந்த அந்த நீரை அவை உறிஞ்சிவிடுவதால் சேறு தேங்குவதில்லை, கொசுவும் குறைகிறது. முற்றத்தில் விழும் மழைநீர் ஜலதாரை வழியாகக் கொல்லையின் கோடிக்குப் போய்த் தென்னைக்குச் சேர்கிறது. துணி துவைக்கிற நீர் மட்டும் தனி வாய்க்காலில் போவதைக் கவனித்து ஏன் என்று கேட்டேன். நண்பரின் அத்தை சொன்னார்: “வாழைக்கு அது ஆவாதுப்பா, சோப்பு ஜாஸ்தி. தென்னை தாங்கும், அதுக்கு விட்டுடுவோம்.” அரைத்து ஊற்றிய அம்மித் தண்ணீர் கறிவேப்பிலைக்கு, அரிசி களைந்த நீர் மாட்டுத் தொட்டிக்கு, சாணமும் சாம்பலும் எருக்குழிக்கு. வீடு தொட்ட நீர் ஒரு துளிகூட வேரைத் தொடாமல் வெளியேறுவதில்லை. இந்தத் தோட்டத்துக்கென்று யாரும் தனியாகத் தண்ணீர் இறைக்கவே இல்லை. குடும்பம் குடித்து, குளித்து, சமைத்த தண்ணீரே பங்குனியின் பச்சை. அந்தத் தண்ணீர் உறைக்கிணற்றிலிருந்து வருகிறது. ஆறு ஓடிய மாதங்களில் வயலும் குளமும் வாய்க்காலும் மண்ணுக்குள் அனுப்பியதைக் கிணறு கோடையில் திருப்பித் தருகிறது.

ஆக, கொல்லை என்றால் கிணறு. கிணறும் மரமும் சேர்ந்தே இருக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஆவணம் இருக்கிறது. சோழ மன்னர்கள் ஓர் ஊரைப் பிராமணர்களுக்கோ கோயிலுக்கோ கொடுத்தபோது, செப்பேட்டில் அந்த ஊர் பெறும் உரிமைகளை வரிசையாக எழுதினார்கள். ராஜேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேட்டிலும் கரந்தைச் செப்பேட்டிலும் அந்த வரிசையைப் பார்க்கலாம். சுட்ட செங்கல்லால் மாளிகை கட்டிக்கொள்ளலாம், கிணறு வெட்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், அந்தத் தென்னையில் கள் இறக்குவோர் ஏறக்கூடாது, மருவும் தமனகமும் செங்கழுநீரும் நடலாம். அதே மூச்சில் வாய்க்காலும் வருகிறது: அந்த ஊருக்கு வரும் நீரில் அயலார் கிளை வெட்டக்கூடாது, சிற்றேற்றம் போடக்கூடாது, கூடையால் இறைக்கக்கூடாது.

இந்தப் பட்டியலை வரலாற்று நூல்களில் வரிவிலக்கு, சலுகை என்ற தலைப்பில் பார்த்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். எனக்கு இது தோட்டக்கலையின் மிக முக்கியமான ஆவணமாகப் படுகிறது. வாசனைக்காக வளர்க்கும் மருவைக்கூட அரசன் பெயரால் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்றால், அப்படி எழுதப்படாத ஊரில் இவை தாமாகக் கிடைத்துவிடவில்லை என்றே வாசிக்க வேண்டும். செங்கல் வீடு, கிணறு, தென்னை, பூச்செடி, வாய்க்கால் உரிமை ஐந்தும் ஒரே கொடையின் உறுப்புகள். பங்குனி மாதத்தில் நான் நடந்த கொல்லையில் அந்த ஐந்தும் அதே உறவில் நின்றுகொண்டிருந்தன.

கோயில் நந்தவனமும் இதே தர்க்கத்தில்தான் நடந்தது. டெல்டாவின் கோயில் சுவர்களில் நந்தவனத்துக்கு நிலம் விட்ட கல்வெட்டுகள் ஏராளம். கவனித்தால், பூச்செடி இருக்கும் நிலத்தைக் கொடுப்பதோடு அவை நின்றுவிடுவதில்லை. அந்தச் செடிகளுக்கு நீர் இறைத்துப் பூப்பறித்து மாலை கட்டுபவர்களின் சாப்பாட்டுக்காக நெல் விளையும் வேறொரு நிலத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். நிலையான நிலம் பின்னால் இல்லாமல் தோட்டம் ஒரு தலைமுறைகூட நிற்காது என்று கொடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

கொல்லையின் எல்லாச் செடியும் சோழர் காலத்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கொய்யா, பப்பாளி, மிளகாய், வேலியில் படரும் காகிதப்பூ எல்லாம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடந்த ஐந்து நூற்றாண்டுகளில் வந்து சேர்ந்தவை. டெல்டாவின் கிழக்கு விளிம்பில், தரங்கம்பாடியில், செடிகளின் போக்குவரத்து எதிர்த்திசையிலும் நடந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு செய்துகொண்ட உடன்படிக்கையால் டேனிஷ்காரர்களுக்கு அந்தக் கடற்கரை கிடைத்தது. 1760இல் வந்திறங்கிய மொராவிய சகோதர சபையார் பொறையாறுக்கு அருகே வீடும் பட்டறைகளும் தோட்டமுமாக ஒரு குடியிருப்பை ஏற்படுத்தினார்கள். ‘சகோதரர் தோட்டம்’ என்பதே அதன் பெயர். டெல்டாவில் ஐரோப்பியர் அர்த்தத்தில் ‘நாட்டுப்புற வீடும் தோட்டமும்’ என்று சொல்லத்தக்கது அதுதான். நோயும் மரணமும் அவர்களைத் தேய்த்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த முயற்சி முடிந்துபோனது.

தாவரவியலாளர் லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் 1768இல் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். அங்கிருந்த மிஷனரிகளைச் செடி சேகரிப்பவர்களாக மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. நம் கறிவேப்பிலை மரத்துக்கு லின்னேயஸ் வைத்த பெர்கெரா கோனிகி என்ற அறிவியல் பெயரில் இருப்பது அவர்தான். எந்தக் கொல்லையிலும் கிணற்றடிக்குப் பக்கத்தில் நிற்கிற, எந்தப் பெண்ணுக்கும் பெயர் தெரிந்த மரம் அது. அதை உலகப் பட்டியலில் சேர்த்தவருக்கு அதன் குணத்தைக் காட்டிக் கொடுத்த உள்ளூர் ஆட்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

கொல்லையில் வேலை செய்தவர்களும் அப்படித்தான். அந்த வீட்டில் நான் நெடுநேரம் நின்றது கொல்லைக் கதவருகே. சந்துப் பக்கம் பார்த்த தாழ்வான கதவு. மேன்மக்களும் விருந்தினரும் திண்ணை வழியாக வந்த வீட்டில், இந்தக் கதவு வேறு மனிதர்களுக்கானது. எரு சுமந்தவர், கீற்று முடைந்தவர், மாடு பார்த்தவர், எடுப்புக் கக்கூசைச் சுத்தம் செய்தவர் எல்லாரும் இந்தச் சந்து வழியாகத்தான் வந்து போனார்கள். வீட்டு ஆட்களிலும் சிலரைக் கொல்லை ஒதுக்கி வைத்தது. மாதவிலக்கான பெண்கள் மூன்று நாள் இருந்த அறை கொட்டிலை ஒட்டித்தான் இருந்தது. இப்போது அதில் தேங்காய் மட்டை அடுக்கியிருக்கிறார்கள். கொல்லையின் குளிர்ச்சியைப் பற்றி எழுதும் நினைவுக் கட்டுரைகள் நமக்கு நிறைய உண்டு. அவற்றில் இந்தக் கதவு வருவது அபூர்வம். இதை விட்டுவிட்டுக் கொல்லையைப் பாராட்டுவது எனக்கு முடியாத காரியம். அந்தப் பச்சையைப் பராமரித்த கைகளில் பாதி இந்தக் கதவு வழியாக வந்தவை.

அவர்கள் எங்கே குடியிருந்தார்கள்? சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961, 62இல் தஞ்சாவூர் மாவட்டத்தில் ‘ஸ்ரீபுரம்’ என்று புனைபெயரிட்ட கிராமத்தில் தங்கி ஆய்ந்து 1965இல் வெளியிட்ட நூல், ஊர் மூன்றாகப் பிரிந்து கிடந்ததை விரிவாகக் காட்டுகிறது: அக்கிரகாரம், பிராமணரல்லாத குடியானவர் தெருக்கள், சேரி. நத்தத்தின் நல்ல மேடு முதலிரண்டுக்கும் போனது. பண்ணையாட்களின் குடிசைகள் பல ஊர்களில் மிராசுதாரரின் நிலத்திலேயே, வயலோரத் திடலில் நின்றன. மனை பண்ணைக்குச் சொந்தம். வேலை போனால் குடிசையும் போகும்.

இங்கேதான் தென்னை ஒரு சாட்சியாகிறது. நம் நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டாகும். பிறகு அறுபது ஆண்டுக்கு மேல் நிற்கும். அடுத்த தையில் இந்த மண்ணில் இருப்போமா என்று தெரியாதவர் அதை நட மாட்டார். பழைய குடிசைகளைச் சுற்றி வளர்ந்ததெல்லாம் சில மாதங்களில் பலன் தருபவை: கூரையில் ஏறும் சுரை, பறங்கி, பந்தல் அவரை, ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்கிற முருங்கைப் போத்து. அவையும் தோட்டமே, அருமையான தோட்டம். ஆனால் இருப்பு உறுதிப்படாதவர்களின் தோட்டம். அக்கிரகாரக் கொல்லைக்கும் குடிசைத் தோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு ரசனையிலோ அறிவிலோ இல்லை. மரத்தின் பலனைப் பறிக்கும்வரை அந்த இடத்தில் நிலைத்திருப்போம் என்ற நம்பிக்கை ஒருவரிடம் இருந்தது, இன்னொருவரிடம் இல்லை.

அந்த நம்பிக்கை சட்டமாக வந்தது மெதுவாகத்தான். 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வேலையிலும் சாகுபடியிலும் ஓரளவு உறுதி தந்தது. 1971இல் மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது வந்த குடியிருப்பு மனை உரிமைச் சட்டம், பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. செங்கொடிச் சங்கங்கள் பல ஆண்டுகள் போராடிக் கேட்டது அது. நிலச் சீர்திருத்தத்தைப் பற்றிய விவாதங்களில் உச்சவரம்புச் சட்டத்துக்குக் கிடைக்கும் இடம் இதற்குக் கிடைப்பதில்லை. சில சென்ட் மனைதானே என்ற எண்ணம். செப்பேடுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சில சென்ட்டின் அளவு வேறாகத் தெரியும். கிணறு வெட்டலாம், தென்னை வைக்கலாம், சுட்ட செங்கல்லால் கட்டலாம் என்று பதினொன்றாம் நூற்றாண்டில் சிலருக்கு எழுதிக் கொடுத்தது, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மற்றவர்களுக்கு வந்து சேர்ந்தது.

இங்கிலாந்தின் பெரிய வீட்டுத் தோட்டங்களுக்கும் இப்படி ஒரு பின்கட்டு உண்டு. டார்செட்டில் மில்டன் பிரபு தம் மாளிகையின் காட்சிக்குக் குறுக்கே நின்ற சிற்றூரையே பதினெட்டாம் நூற்றாண்டில் அகற்றி, மக்களை மில்டன் அபாஸ் என்ற புது ஊருக்குக் குடிபெயர்த்தார். ஆனால் அந்த நாட்டில் பின்னால் நல்ல வழக்கம் ஒன்று பிறந்தது. 1927இல், மாவட்டச் செவிலியர்களுக்கு நிதி திரட்ட, தனியார் வீட்டுத் தோட்டங்களை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். இன்றும் அது நடக்கிறது. வசந்தத்தில் ஒரு நாள் அயலார் வீட்டுத் தோட்டத்தில் உலவுவது அங்கே சாதாரண மனிதரின் பொழுதுபோக்கானது அப்படித்தான். நம் ஊரில் விருந்தினர் திண்ணையிலும் கூடத்திலும் நின்றுவிடுவார். கொல்லையைக் காட்டும் வழக்கமில்லை. பார்க்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு இடம் சொல்லலாம். கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வளர்ந்த சிறு ஓட்டு வீட்டை 2003இல் சாஸ்த்ரா பல்கலைக்கழகம் வாங்கி நினைவகமாக வைத்திருக்கிறது. தெருவிலிருந்து பின்கட்டுக் கிணறுவரை ஒரு கும்பகோணத்து வீடு எப்படி நீள்கிறது என்று அங்கே நடந்தே உணரலாம். சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் தஞ்சாவூர் வட்டார விவசாயி வீடு ஒன்று நிற்கிறது.

வாழும் கொல்லைகள் வேகமாக மறைகின்றன. பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, நீள மனையைக் குறுக்கே வெட்டிப் பின்பாதியை விற்கிறார்கள். வாங்கியவர் சந்துப்பக்கம் வாசல் வைத்துக் கட்டுகிறார். ஒருகாலத்தில் சிலர் மட்டும் நடக்க வேண்டியிருந்த சந்து இப்போது முகவரியுள்ள தெரு. அதில் எனக்கு வருத்தமில்லை. வருத்தம் தண்ணீரைப் பற்றியது. பாதாளச் சாக்கடை வந்த தெருக்களில் குளியலறை நீர் குழாய் வழியாக ஊருக்கு வெளியே போய்விடுகிறது. மற்ற இடங்களில் செப்டிக் டேங்கும் ஆழ்துளைக் கிணறும் சில அடி இடைவெளியில் இருக்கின்றன. தளம் போட்ட கொல்லையில் மழைநீர் இறங்க இடமில்லை. மண் தரை இருக்கிற வீட்டிலாவது வாழைக்கும் கல்வாழைக்கும் போகிற அந்தச் சிறு கால்வாயை மூடாமல் விட்டால், பங்குனியில் மோட்டார் ஓடும் நேரம் குறையும். அதற்கு நிபுணர் யாரும் வேண்டியதில்லை. வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இன்னொரு வேலை அவசரமானது. 1971இல் மனை பெற்றபோது இருபது வயதைக் கடந்திருந்தவர்கள் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் வட்டங்களின் பழைய குடியிருப்புகளில் இப்போது ஓட்டு வீட்டுக்கும் தளவீட்டுக்கும் மேலே உயர்ந்து நிற்கும் தென்னைகள் நிறைய. பட்டா கைக்கு வந்த ஆண்டில் முதலில் எதை நட்டீர்கள், கன்று எங்கிருந்து வந்தது, தண்ணீர் யார் கிணற்றில் எடுத்தீர்கள், நிலத்துக்காரர் என்ன சொன்னார் என்று அவர்களிடம் யாராவது முறையாகக் கேட்டு எழுதவேண்டும். அரசர் கொடுத்த தோட்ட உரிமைக்குச் செம்பில் வெட்டிய சாட்சி இருக்கிறது. இவர்கள் பெற்றதற்குச் சாட்சி அவர்கள் நினைவும், அவர்கள் நட்ட மரமும் மட்டுமே. அந்த மரங்களுக்கும் இப்போது ஐம்பது வயது.